2147483647 (2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு) பகா எண் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? 31 பகா எண் என்பதாலா?

அதனால் மட்டும் இல்லை. அப்படி உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் (வாத்தியாராகத்தான் இருக்கும்) நம்பாதீர்கள். இதே விஷயத்துக்காக ஒரு பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றவன் நான்.

காரைக்குடிப் பக்கம், ஒன்பதாம் வகுப்பு. கணக்கு வாத்தியார் போர்டில் 3, 7, 31, 127 என்று எழுதிவிட்டு, 2-க்கு ஒரு பகா எண்ணை அடுக்காகப் போட்டு, வருவதில் ஒன்றைக் கழித்தால் அதுவும் பகா எண்தான், அடுத்த அடுக்கு 11, ஆகவே 2047-உம் பகா எண் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தின வாரம்தான் எங்கள் ஐயா முகப்புத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "மூட்டை 89 ரூபாய், 23 மூட்டை என்னடா ஆச்சு?" என்று கேட்டு, நான் விரலை மடக்கியதற்குத் தலையில் குட்டியிருந்தார். 90-ஆக வைத்துப் பெருக்கினால் 2070, 23 போனால் 2047. பினாங்கில் பெட்டியடிப் பையனாக (வட்டிக்கடையில் கடைநிலை வேலை) தொடங்கியவர், பகா எண் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது.

எழுந்து "23, 89 சார்" என்றேன். அவர் போர்டில் பெருக்கிப் பார்த்தார். சரியாக வந்தது. அதற்கப்புறம்தான் வெளியே போகச் சொன்னார்.

நகரத்தார் பெருமை பேசுகிறான் என்று கீழே வந்து எழுதாதீர்கள், எங்கள் வீட்டிலேயே கூட்டல் தப்பாகப் போடுகிற ஆட்கள் நிறைய. அந்தத் திண்ணைக்கு மேலே இப்போது ஓடு ஒழுகுகிறது. 11 பங்குக்காரர்கள், மராமத்துச் செலவை 11-ஆல் வகுத்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், மூன்று பேர்தான் பணம் போட்டார்கள். மற்றவர்கள் படையலுக்கு மட்டும் வருவார்கள். சரி, அதை விடுங்கள்.

46,340 வரை உள்ள ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்தால் போதும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், அதற்கு மேல் வர்க்கமூலம் தாண்டிவிடும். ஆனால் அவ்வளவும் வேண்டாம். 23, 89 இரண்டையும் 22-ஆல், அதாவது 11-இன் இரட்டிப்பால், வகுத்துப் பாருங்கள், மீதி 1. தற்செயல் இல்லை, பெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து வருவது. அதேபோல 2147483647-ஐ வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்று இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வருகிற எண்கள் மட்டும்தான் மிஞ்சும், 46,340-க்குள் 1-ஐ விட்டுவிட்டால் மொத்தம் 373. அதிலும் பாதிக்கு மேல் பகா எண்ணே இல்லை. கணித மேதை ஆய்லர் 1772-இல் இந்த வழியில்தான் முடிவு சொன்னார், அதுவும் கண் பார்வை ஏறக்குறைய போன பிறகு! அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு மனிதர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் அதுதான்.

கம்ப்யூட்டர் இல்லாமல் நானும் ஒரு நாள் உட்கார்ந்தேன். அந்த எண்களில் முதலில் வரும் பகா எண் 311, அதால் வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303. அதோடு காபி குடிக்கப் போய்விட்டேன்.