மிஹைன் லோபெஸ் ஏன் மல்யுத்தத்தின் உச்சமாகக் கருதப்படுகிறார்?

ஒரே தனிநபர் போட்டியில் தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் மனிதர் அவர்தான். 1982-இல் கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் பிறந்தார். அண்ணன் மிஷேல் குத்துச்சண்டை வீரர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர்.

லோபெஸின் களம் கிரேக்க-ரோமன் மல்யுத்தம். இதில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. காலை வாரிவிடவும் முடியாது. எனவே 130 கிலோ எடைகொண்ட எதிராளியை மார்பு, கை, முதுகு ஆகியவற்றின் வலுவால் மட்டுமே புரட்ட வேண்டும். தரையில் குப்புறக் கிடப்பவரின் இடுப்பைப் பின்னாலிருந்து இறுக்கி உருட்டுவதில் லோபெஸுக்கு நிகரானவரை நான் பார்த்ததில்லை.

2004 ஏதென்ஸில் பதக்கம் கிடைக்கவில்லை. 2008 பெய்ஜிங் இறுதியில், ஏதென்ஸ் சாம்பியனான ரஷ்யாவின் பரோயெவையே வீழ்த்தினார். பிறகு லண்டன், ரியோ. டோக்கியோவில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை! அந்த ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள்.

2024 பாரிஸில், 41 வயதில், ஐந்தாவது தங்கம். வென்றதும் காலணிகளைக் கழற்றிக் களத்தின் நடுவில் வைத்து ஓய்வை அறிவித்தார். அன்று தோற்ற யாஸ்மானி அகோஸ்டாவும் கியூபாவில் பிறந்தவர்தான். பின்னாளில் சிலி நாட்டுக்குக் குடிபெயர்ந்து, அந்நாட்டுக்காக வெள்ளி வென்றார்.