பாஸ்வேர்டு சேவ் பண்ணியும் கேக்குதே!

கேள்வி: கிண்டி ஆபீஸ் சர்வரை வீட்லேர்ந்து ரிமோட் டெஸ்க்டாப்ல திறக்கறேன் சார், 'ரிமெம்பர் மீ' டிக் பண்ணியும் தினம் பாஸ்வேர்டு கேக்குது, ஏன்?
- வாசகி, வேளச்சேரி

பதில்: முதல்ல உங்க லேப்டாப்ல கன்ட்ரோல் பேனல் போய் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறங்கம்மா, சேவ் பண்ண பாஸ்வேர்டெல்லாம் அங்கதான் இருக்கும், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்ல 'டெர்ம்எஸ்ஆர்வி' (TERMSRV), ஒரு சாய்கோடு, அப்புறம் சர்வர் பேருன்னு ஒரு வரி இருக்கும், அதுல பழைய பாஸ்வேர்டு உட்கார்ந்திருந்தா ரிமூவ் பண்ணிட்டு புதுசா சேவ் பண்ணுங்க, அன்னிக்கு ஐபி நம்பர் (சர்வரோட நெட்வொர்க் முகவரி எண்) குடுத்து சேவ் பண்ணிட்டு இன்னிக்கு பேரு குடுத்தாலும் லேப்டாப் அதை வேற சர்வர்னுதான் நினைக்கும். அதெல்லாம் சரியா இருந்தா, சர்வர்லயே 'ஆல்வேஸ் ப்ராம்ப்ட் ஃபார் பாஸ்வேர்டு', அதாவது ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேளுங்கற பாலிசி போட்டிருக்கலாம், அதை அட்மின்தான் மாத்தணும். வீட்ல எல்லாரும் ஒரே லாகின்ல தொடுற லேப்டாப்னா தயவுசெஞ்சு சேவே பண்ணாதீங்க, யார் உட்கார்ந்தாலும் நேரா ஆபீஸ் சர்வருக்குள்ள போயிடலாம்.