மஞ்சள் பற்களும் ஒரு சாம்பல் பல்லும்

கேள்வி: எனக்கு வயது 27. தினமும் இரண்டு வேளை பல் தேய்த்தும் பற்கள் மஞ்சளாகவே இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை டீ குடிப்பேன். எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்து ஒரு வாரம் தேய்த்தேன். முதலில் பளிச்சென்று தெரிந்தது. இப்போது தண்ணீர் பட்டாலே கூசுகிறது. சிறு வயதில் விழுந்து அடிபட்ட மேல் முன்பல் ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. வலி இல்லை. எல்லாப் பற்களையும் வெள்ளையாக்க என்ன வழி?

பதில்: எலுமிச்சைத் தேய்ப்பை இன்றே நிறுத்திவிடுங்கள். நீங்கள் பார்த்த அந்தப் பளிச், கறையோடு சேர்ந்து பல்லின் வெளி உறையான எனாமலின் மேற்பரப்பும் கொஞ்சம் போனதால் வந்தது. எலுமிச்சையின் அமிலம் எனாமலை இளக்கும். இளகிய இடத்தில் தேய்த்தால் அது கரைந்துகொண்டே போகும். பல் முளைத்து வெளியே வந்ததும் எனாமலை உண்டாக்கிய செல்கள் மறைந்துவிடுகின்றன. அதனால் தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. கரித்தூளை அழுத்தித் தேய்ப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல்லின் மஞ்சள் பெரும்பாலும் எனாமலின் நிறமல்ல, அதற்கு உள்ளே இருக்கும் டென்டினின் நிறம். எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள் என்பதால் டென்டின் அதன் வழியே தெரிகிறது. எனாமல் மெலிய மெலிய மஞ்சள் கூடத்தான் செய்யும். வயதானவர்களின் பற்கள் மஞ்சளாகத் தெரிவதற்கும் இது ஒரு காரணம். லேசான மஞ்சள் அழுக்கும் அல்ல, நோயும் அல்ல.

உங்கள் மஞ்சள் எந்த வகை என்று தெரிய வேண்டுமா? நல்ல வெளிச்சத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் பிடித்து, கீழ் முன்பற்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல்லிடுக்கிலும் ஈறோரத்திலும் பழுப்புக் கோடு போலப் படிந்திருந்தால் அது வெளிக்கறை. டீ, காபி, புகையிலை, இரும்புச்சத்து டானிக், வாரக்கணக்கில் கொப்பளித்த குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எல்லாமே இப்படிப் படியும். ஸ்கேலிங் (மருத்துவர் கருவியால் பற்களைச் சுத்தம் செய்வது) செய்தால் போய்விடும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்பது நான் அடிக்கடி கேட்கும் பயம். பல்லில் கல்போல் படிந்த காரை இறுகிப் பிடித்திருந்த இடம் காலியாவதால் இடுக்கு புதிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

பல் உருவாகும் வயதில் ஃபுளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்தாலோ, டெட்ராசைக்ளின் வகை மருந்து எடுத்தாலோ உள்ளேயே நிறம் ஏறிவிடும். அது பிரஷ்ஷுக்கு அசையாது.

சரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது: அந்தச் சாம்பல் பல். அடிபட்ட பல் கறுத்தால், உள்ளிருக்கும் நரம்பும் ரத்த நாளங்களும் செத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம். கசிந்த ரத்தத்தின் நிறமி டென்டினின் நுண்குழாய்களில் ஊறி, உள்ளிருந்தே நிறத்தை மாற்றுகிறது. வலி இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். செத்த நரம்புக்கு வலி தெரியாது. வேர் நுனியில் சத்தமில்லாமல் சீழ் கட்டிய பற்களை எக்ஸ்ரேயில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு எக்ஸ்ரே, குளிர்ச்சி வைத்து ஒரு உணர்வுச் சோதனை, இரண்டும் பார்த்தால் பெரும்பாலும் நிலவரம் தெரிந்துவிடும். நரம்பு செத்திருந்தால் முதலில் வேர் சிகிச்சை. பிறகு பல்லின் உள்ளேயே ப்ளீச் மருந்து வைத்து அடைத்து, சில நாள் இடைவெளியில் மாற்றி மாற்றி நிறத்தை மீட்கலாம். இந்தப் பல்லுக்கு வெளியே மட்டும் பூசினால் பெரிய பலன் இருக்காது.

மற்ற பற்களுக்கு ஸ்கேலிங் செய்த பிறகும் மஞ்சள் உறுத்தினால் ப்ளீச்சிங் யோசிக்கலாம். கிளினிக்கிலேயே ஈறை மறைத்துவிட்டுச் செறிவான பெராக்சைடு பூசுவது ஒரு முறை. உங்கள் பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த ட்ரேயில் 10% கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து, இரண்டு வாரம் போல இரவில் அணிவது இன்னொன்று. அதில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5% தான். மெதுவானது, கூச்சமும் குறைவு. உங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஆனால் இப்போதைய கூச்சம் அடங்கிய பிறகு. அதுவரை மென்மையான பிரஷ், பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் 18 வயதுக்குட்பட்டவர்களும் ப்ளீச்சிங்கைத் தள்ளிப்போடுவது நல்லது.

முன்பல்லில் ஃபில்லிங்கோ கேப்போ இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ப்ளீச்சில் அவற்றின் நிறம் மாறாது; சுற்றியுள்ள பல் வெளுத்ததும் அவை மட்டும் தனியாகத் தெரியும்.

டீயை விடச் சொல்லவில்லை. குடித்ததும் வெறும் தண்ணீரில் ஒரு வாய் கொப்பளித்தாலே கறை படிவது குறையும். ஒரே டம்ளரை ஒரு மணி நேரம் வைத்து உறிஞ்சும் பழக்கம் இருந்தால், அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.