நள்ளிரவில் ஒலித்த பயம்: அமெரிக்க வானொலித் திகில் தொடர்கள் – கேள்வி பதில்

திகிலுக்கென்றே தனியாக வந்த முதல் தொடர் எது? (மதுரை வாசகர்)

இந்த வகைக்கு வழி போட்டது 'தி விட்ச்சஸ் டேல்'. 1931 மே மாதம் நியூயார்க்கின் டபிள்யூ.ஓ.ஆர். நிலையத்தில் தொடங்கியது. எழுதி இயக்கியவர் அலோன்சோ டீன் கோல். அமெரிக்காவின் சேலம் ஊர்ச் சூனியக்காரியான நான்சிக் கிழவி, 'சாத்தான்' என்ற கறுப்புப் பூனையை அருகில் வைத்துக்கொண்டு கதை சொல்வாள். திகில் கதைக்குக் கதைசொல்லி ஒருவர் வேண்டும் என்ற வழக்கம் அவளால்தான் வேரூன்றியது. கிழவியாக நடித்த அடிலெய்ட் ஃபிட்ஸ்-ஆலன் 1935இல் காலமானதும், அந்த இடத்துக்கு வந்த மிரியம் வுல்ஃபுக்கு வயது 13!

'தி ஷேடோ' தொடர் பத்திரிகையிலிருந்து வானொலிக்கு வந்த கதைதானே? (திருச்சி வாசகி)

இல்லை, வானொலிதான் முந்தியது. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் பதிப்பகம் தன் துப்பறியும் இதழுக்கு விளம்பரமாக 1930 ஜூலையில் ஒரு வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கியது. கதையை அறிமுகப்படுத்தும் மர்மக் குரலுக்கு 'ஷேடோ' என்று பெயர். கேட்டவர்கள் கடைக்குப் போய், துப்பறியும் இதழைக் கேட்காமல் 'அந்த ஷேடோ இதழைக் கொடுங்கள்' என்றார்கள். அப்படி ஓர் இதழே அப்போது கிடையாது. 1931இல் பதிப்பகம் அதை உருவாக்கியது. அதன் கதைகளை வால்டர் கிப்சன் புனைபெயரில் எழுதினார். ஷேடோ நாமறிந்த நாயகனாக வானொலிக்குத் திரும்பியது 1937இல், பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற, அப்போது 22 வயதான ஆர்சன் வெல்ஸின் குரலில். கிப்சனின் ஷேடோ இருட்டில் பதுங்குபவன். வானொலி ஷேடோவோ பிறர் மனத்தை மயக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் மறைபவன். எதையுமே காட்ட முடியாத ஊடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சக்தி வேறென்ன?

'லைட்ஸ் அவுட்' தொடரில் எலும்பு முறியும் ஓசையை எப்படி உண்டாக்கினார்கள்? (கோவை வாசகர்)

பன்றி விலா எலும்புகளை ஒலிவாங்கிக்கு அருகில் முறித்தார்கள். தலை துண்டாக வேண்டுமா, முட்டைக்கோஸை வெட்டினார்கள். மின்சார நாற்காலியில் உடல் கருகுவதற்கு, வாணலியில் பன்றி இறைச்சி பொரியும் ஓசை.

ஆனால் ஓசைகளைவிட முக்கியமானது, இவ்வளவு கொடூரத்துக்கு அனுமதி கிடைத்த விதம். வில்லிஸ் கூப்பர் 1934 ஜனவரியில் சிகாகோவில் இதைத் தொடங்கியபோது, ஒலிபரப்பு நள்ளிரவில். அந்த நேரத்தை வாங்க விளம்பரதாரர் எவரும் இல்லை. சோப்பும் காப்பித்தூளும் விற்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் எழுத்தாளருக்குக் கை கட்டப்படவில்லை. மாலை ஏழு மணிக்கு இந்தத் தொடர் பிறந்திருந்தால் முதல் மாதத்திலேயே பல் பிடுங்கப்பட்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

'லைட்ஸ் அவுட்' தொடரை உருவாக்கியவர் ஆர்ச் ஓபோலர் என்று படித்தேனே? (சேலம் வாசகர்)

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு இது நெடுநாள் ஆதங்கம். 1936இல் கூப்பர் ஹாலிவுட்டுக்குப் போன பிறகு பொறுப்பேற்றவர்தான் ஓபோலர். சோதனைக்கூடத்துக் கோழி இதயம் ஒன்று வளர்ந்துகொண்டே போய் உலகை விழுங்கும் அவரது 1937 நாடகம் பெரும்புகழ் பெற்றது. ஓபோலரின் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டைக் கட்டியவர் கூப்பர். அவர் காலத்து ஒலிப்பதிவுகள் அநேகமாக எதுவும் மிஞ்சாததால் அவர் பெயரும் மங்கிவிட்டது.

ஏன் மிஞ்சவில்லை? ஒலிப்பதிவு வசதி இல்லையா? (புதுச்சேரி வாசகி)

வசதி இருந்தது. ஆனால் பெரிய ஒலிபரப்பு நிறுவனங்கள் அன்று நேரடி நிகழ்ச்சியையே வலியுறுத்தின. நேர வித்தியாசம் உள்ள மேற்குக் கடற்கரை நேயர்களுக்காக, சில மணி நேரம் கழித்து அதே நாடகத்தை நடிகர்கள் மறுபடி முழுவதும் நடித்துக் காட்டுவார்கள். பதிவு செய்தாலும் அது 16 அங்குல ஒலித்தட்டில். ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், தட்டுக்கு அடித்தளமான அலுமினியம் ராணுவத்துக்குப் போனதால் கண்ணாடியில் தட்டுகள் செய்தார்கள். அவற்றின் கதி சொல்லாமலே விளங்கும். இதைவிட வேதனை, 'தி விட்ச்சஸ் டேல்' எழுதிய கோல் தம்மிடமிருந்த தட்டுகளைப் பின்னாளில் தாமே அழித்தது.

கிறீச்சிடும் கதவு எந்தத் தொடரில் வந்தது? (ஈரோடு வாசகர்)

ஹைமன் பிரௌன் 1941இல் தொடங்கிய 'இன்னர் சாங்டம்'. ஒவ்வொரு வாரமும் அந்தக் கதவு திறந்துதான் கதை தொடங்கும்.

புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்? (தஞ்சை வாசகி)

'சஸ்பென்ஸ்' தொடரில் 1943 மே 25 அன்று வந்த 'சாரி, ராங் நம்பர்'. லூசில் ஃப்ளெட்சர் எழுதியது. தொலைபேசி இணைப்பு மாறியதால், நோயாளிப் பெண் ஒருத்தி ஒரு கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடுகிறாள். ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரல் எரிச்சலில் தொடங்கிப் படிப்படியாக உடைவதைக் கவனியுங்கள்.

அடுத்து கூப்பரின் 'கொயட், ப்ளீஸ்'. 1947 முதல் 1949 வரை வந்த தொடர். 1948 ஆகஸ்டில் ஒலிபரப்பான எண்ணெய்க் கிணற்றுக் கதையைத் தேடிப் பிடியுங்கள். எர்னஸ்ட் சாப்பல் ஏற்ற தொழிலாளி, துளையிடும் வேலையை நம்மிடம் நிதானமாக விவரித்துக்கொண்டே போகிறார். அதைக் கேட்டு அவரை முழுதாக நம்பிவிடுகிறோம். அதனால்தான் பூமிக்கடியிலிருந்து ஏதோ ஏறி வந்திருக்கிறது என்று அவர் சொல்லும்போது மறுக்கத் தோன்றுவதில்லை. முட்டைக்கோஸை வெட்டிப் பயமுறுத்திய அதே கூப்பர், 14 ஆண்டுகளில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.