மகள் நுகர்வோர் சட்டம் படிக்கட்டுமா? ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் பி.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் இளநிலைப் பட்டம்) முடித்து, தொண்டு நிறுவனம் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு வேலை பார்க்கிறார். சம்பளம் சொற்பம். இந்த நிலையில் நுகர்வோர் சட்டத்தில் ஆன்லைன் படிப்பு சேரப் போவதாகச் சொல்கிறார். "குரூப் 4-க்குப் படிக்காமல் இதெல்லாம் எதற்கு, வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சான்றிதழை மட்டும் நம்பி யாரும் வேலை தர மாட்டார்கள். ஆனாலும் சேரட்டும். இப்போது அவர் பார்க்கிற வேலைக்கு இவ்வளவு பொருத்தமான படிப்பு வேறு சுலபத்தில் அமையாது.

அவருடைய களத்தில் நடக்கக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். குழுவில் கடன் வாங்கி ஒரு பெண் மோட்டார் தையல் மெஷின் எடுக்கிறார். பத்தே நாளில் மோட்டார் புகைகிறது. "இதை வச்சு நீங்க தொழில் பண்றீங்க, உங்களுக்கு நுகர்வோர் சட்டமெல்லாம் பொருந்தாது" என்கிறார் கடைக்காரர். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்தும் இருக்கிறது. அந்தப் பெண் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவார், தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பார்.

கூடவே சட்டம் தெரிந்த ஒருவர் இருந்தால் கடைக்காரர் அப்படிப் பேச முடியாது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால், 30 நாளுக்குள் கொண்டுவந்த குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். பில்லே தராமல் விற்பதும் அப்படித்தான். முதலில் கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம், அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், அந்தப் பெண் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பலருக்கும் உரிமை நழுவிப் போவது இந்தக் கெடு தெரியாததால்தான்.

இவ்வளவும் தெரிந்த களப்பணியாளருக்குக் குழுவில் கிடைக்கிற மரியாதையே தனி.

சரி, எந்தப் படிப்பு? இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நுகர்வோர் பாதுகாப்பில் தொலைநிலைச் சான்றிதழ் படிப்பு வைத்திருக்கிறது. அதன் பாடப் புத்தகங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பட்டம் முடித்தவர் என்பதால், பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தொலைநிலையில் நடத்தும் நுகர்வோர் சட்ட முதுநிலை டிப்ளமாவையும் அவர் யோசிக்கலாம். இரண்டிலும் ஆங்கிலம் கொஞ்சம் சிரமம் கொடுக்கும். அதற்காகப் பின்வாங்க வேண்டாம், சட்டத்தின் மொழி இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

இவை தவிர, வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிற 'மூன்று நாளில் சட்ட நிபுணர்' வகைகளும் நிறைய உண்டு. எதில் பணம் கட்டும் முன்பும் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்கக்கூடிய வழக்கின் பண வரம்பு 20 லட்சம் ரூபாய் என்று போட்டிருந்தால் அது 1986ஆம் ஆண்டு சட்டத்தின் கணக்கு. அந்தச் சட்டம் போய், புதுச் சட்டம் 2020 ஜூலையிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்றைய வரம்பு 50 லட்சம். இதைக்கூடத் திருத்தாத இடத்தில் மற்றது எப்படி இருக்கும்? அப்புறம், மாணவர் கையாலேயே ஒரு புகார் மனு எழுத வைக்கிறார்களா என்று கேளுங்கள். நடந்ததைத் தேதி வாரியாக எழுதுவது, பில், வாரண்டி கார்டு, கடிதம் அனுப்பிய தபால் ரசீது எல்லாவற்றுக்கும் எண் போட்டு இணைப்பது, என்ன நிவாரணம் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்பது, பிரமாணப் பத்திரம் தயாரிப்பது, நுகர்வோர் புகார்களை ஆன்லைனில் பதியும் இ-ஜாக்ருதி தளத்தில் பதிவேற்றுவது: என்னைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சிதான் படிப்பின் உயிர். வீடியோ பார்த்து, சரியான விடையை டிக் அடித்து வாங்குகிற சான்றிதழில் இது வராது.

ஒன்றை மட்டும் உங்கள் மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். இது வக்கீல் படிப்பு அல்ல. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படித்த சட்டப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய இந்தியப் பார் கவுன்சில் அனுமதிப்பதில்லை. கறுப்பு கோட்டு போடுவதுதான் ஆசை என்றால், பட்டம் முடித்த அவருக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. இருக்கிறது, கல்லூரிக்குப் போய்ப் படிக்க வேண்டும். அதுவரை மனு எழுத உதவினேன் என்று ஏழை ஜனங்களிடம் காசு வாங்கவே கூடாது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன், ஐயா. சட்டம் தெரிந்தவர் என்று நம்பி வருகிறவர்களை அது ஏமாற்றுவதாகும்.

வருமானத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009இல் கொண்டுவந்த திட்டம் அது, சட்டப் பட்டம் தேவையில்லை. கிடைப்பது வேலை செய்த நாளுக்கான மதிப்பூதியம்தான், சம்பளம் அல்ல. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் நுகர்வோர் சட்டத்தோடு ஜீவனாம்சம், குடும்ப வன்முறை, இலவச சட்ட உதவி என்று மற்றதும் பழகும். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைக்கும் என்பது அவருடைய குழுக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாளை எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்தாலும், வேறு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளர் வேலைக்குப் போனாலும், "நான் எழுதிய புகார்களில் இத்தனை பேருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது" என்று அவர் சொல்ல முடிந்தால் நேர்முகத்தில் அது எடுபடும்.

குரூப் 4-ஐ விட வேண்டியதில்லை. சான்றிதழ் படிப்புக்கு வார இறுதியில் சில மணி நேரம் ஒதுக்கினால் போதும், வார நாட்களின் காலை நேரம் தேர்வுக்கு இருக்கட்டும். இரண்டில் ஒன்றைத்தான் என்று வீட்டில் நெருக்கினால், மனசு ஒட்டாமல் இரண்டையும் அரைகுறையாகப் படிப்பார்.

இப்போதைக்கு எங்கும் பணம் கட்ட வேண்டாம். இ-ஞானகோஷில் முதல் பாடப் புத்தகத்தை இறக்கி ஒரு மாதம் படிக்கட்டும். இடையில் ஒரு நாள் லீவு போட்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போய், அடுத்த தன்னார்வலர் தேர்வு எப்போது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போய் வாருங்கள்.