கேமரா கேள்வி-பதில்: வரகுக்கோழியின் துள்ளல்

கேள்வி: வரகுக்கோழி துள்ளுவதைப் படமெடுக்க ஆசை. தமிழ்நாட்டிலேயே வாய்ப்பு உண்டா?

பதில்: துள்ளல் என்றால், இந்தப் புல்வெளிப் பறவையின் ஆண் பெட்டையை ஈர்க்கப் புல்லுக்கு மேலே எழும்பிக் குதிப்பது. அதற்கு இங்கே வாய்ப்பில்லை. தென்மேற்குப் பருவமழை விழுந்து புல் எழும்பும்போது ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கம்தான் இவை இணை தேடுகின்றன. மழை முடிந்ததும் சிதறிவிடும். சில தெற்கேயும் வரும். அப்படி நம் பக்கம் தட்டுப்பட்டாலும் ஆணின் கறுப்பு நிறமும், தலைக்குப் பின்னால் இரு பக்கமும் நீளும் ரிப்பன் இறகுகளும் இருக்காது. கிட்டத்தட்டப் பெட்டை மாதிரியே தெரியும். ஆகஸ்ட் மாதத்தை ஒதுக்குங்கள். அஜ்மீர் மாவட்டத்து ஷோக்கலியா, ரத்லாம் அருகே சைலானா, பாவ்நகர் பக்கம் வேளாவதர், இந்த மூன்றில் ஒன்று. மழை பொய்த்த வருஷமென்றால் நான் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவேன். புல் இல்லாத இடத்தில் உட்கார்ந்து பயனில்லை.

கேள்வி: ராஜஸ்தான் போய் ஏகப்பட்ட படம் எடுத்தேன். பாதியில் வெறும் புல், மீதியில் அரைப் பறவை. 400 மி.மீ. லென்ஸ் போதாதா?

பதில்: லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். சத்தத்தைக் கேட்டு அழுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. தவளை கத்துவது மாதிரியான அந்தச் சத்தம் துள்ளலோடு சேர்ந்தேதான் வரும். காதில் விழுந்து விரல் அசைவதற்குள் ஆள் புல்லுக்குள் இறங்கியிருப்பார்.

முதலில் கேமராவை மடியில் வைத்துவிட்டுச் சும்மா பாருங்கள். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை எழும்புகிற பறவை. நாலைந்து துள்ளலை விட்டால் நஷ்டமில்லை. ஆண் தனக்கென்று ஒரு எல்லை வைத்துக்கொண்டு, அதற்குள் பழகிய சில இடங்களிலிருந்தே திரும்பத் திரும்ப எழும்பும். அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்துக்கு ஃபோகஸ் வைத்து ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அது முன்னால் ஆடும் புல் கதிரைத்தான் பிடிக்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்புங்கள். பறவை மேலேதானே போகிறது, பக்கவாட்டில் இடம் எதற்கு? ஷட்டர் வேகம் 1/2500 நொடிக்குக் குறைய வேண்டாம். மேகமூட்டமாக இருந்தால் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 3200 வரை ஏற்றிப் போகத் தயங்காதீர்கள். மேகம் நமக்கு நல்லதும்கூட: வெயில் நாளில் காலையும் மாலையுமே துள்ளும் பறவை, மந்தாரமான நாளில் நடுப்பகலிலும் துள்ளும். உடம்பு கறுப்பு, சிறகில் வெள்ளைத் திட்டு. வெள்ளை வெளுத்துப்போகாமல் பார்த்துக்கொண்டால் கறுப்பைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம். உங்கள் கேமராவில் ப்ரீ-கேப்சர் இருந்தால் யோசிக்காமல் போட்டுவிடுங்கள். விரல் அழுத்துவதற்குச் சற்று முந்தைய படங்களையும் அது சேமித்துத் தரும். இந்தப் பறவைக்கென்றே கண்டுபிடித்தார்களோ என்று நினைப்பேன்.

எல்லோரும் கேட்பது உச்சியில் இருக்கும் கணம்: கழுத்து பின்னால் வளைந்து, கால் மடங்கி, காற்றில் உட்கார்ந்த கோலம். சரி, எடுங்கள். ஆனால் புல்லையும் சேர்த்து எடுங்கள். நெருக்கி வெட்டிவிட்டால் எவ்வளவு உயரம் எழும்பியது என்றே பார்ப்பவருக்குத் தெரியாது.

கேள்வி: ஆணைவிடப் பெட்டை பெரியதாமே?

பதில்: ஆமாம், எடையும் கூடுதல். துள்ளுகிற வேலை ஆணுடையது. எடை குறைவாக இருப்பது அதற்கு வசதிதான்.

கேள்வி: வண்டியிலிருந்து தவழ்ந்து போய் நெருக்கத்தில் எடுக்கலாமா? பதிவு செய்த குரலைப் போட்டால் கிட்டே வருமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வண்டி, பாதை, ஜன்னல் விளிம்பில் லென்ஸைத் தாங்க ஒரு பீன் பேக் (மணி நிரப்பிய பை). அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆண் துள்ளுவது உங்களுக்காக அல்ல, புல்லுக்குள் எங்கோ நிற்கும் பெட்டைக்காக. அவள் எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. முட்டை தரையில்தான், அதுவும் புல்லோடு புல்லாக. அடைகாப்பது அவள் ஒருத்தி மட்டும், சுமார் மூன்று வாரம். நீங்கள் தவழ்கிற வழியில் கூடு இருந்தால்? குரலைப் போட்டால் வேறொரு ஆண் புகுந்துவிட்டதென்று இருக்கிற ஆண் அலைக்கழியும். சில வாரங்களே நீடிக்கிற பருவத்தில் ஒரு காலை வீணாவதுகூட அதற்குப் பெரிய இழப்பு. 2021-லிருந்து இது அழிவின் விளிம்பில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை, அதாவது மிகக் கூடுதலான பாதுகாப்பு. கூட்டைக் கலைப்பதையும் அந்தச் சட்டம் வேட்டை என்றே கொள்கிறது. சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஷோக்கலியாவில் பெரும்பாலும் விளைநிலங்கள். சோளமோ பயறோ நிற்கும் வயலுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வண்டியை நிறுத்துங்கள். எந்த மேட்டில் எந்த நேரம் துள்ளுகிறது என்று பல சமயம் அவரே சொல்லிவிடுவார்.

கேள்வி: படத்தோடு இடத்தையும் போடலாமா?

பதில்: மாநிலம் போதும். வயல் பெயரும் ஜிபிஎஸ் புள்ளியும் வேண்டாம். போட்டால் அடுத்த ஞாயிறே அங்கே பத்து ஜீப் நிற்கும். படக் கோப்பில் தானாகப் பதிவாகும் இருப்பிடத்தையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.