வரிசையை நீக்கினால் லூப் ஏன் உடைகிறது?

கேள்வி: என் டேபிளில் 10 வரிசைகள். எண்ணிக்கையை முதலிலேயே ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஃபார் லூப்பில் (வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் நிரல் பகுதி) காலி வரிசைகளை நீக்குகிறேன். பாதியில் 'இண்டெக்ஸ் எல்லைக்கு வெளியே' என்று பிழை வருகிறது. ஏன்?

பதில்: இண்டெக்ஸ், அதாவது வரிசையின் இட எண், 0-வில் தொடங்குவதால் 10 வரிசைக்குக் கடைசி எண் 9. மூன்றை நீக்கிவிட்டால் கடைசி எண் 6 ஆகிவிடும், ஆனால் உங்கள் லூப்புக்கு அது தெரியாது, பழைய கணக்கை நம்பி 7-ஐக் கேட்கும், அங்கே ஒன்றும் இல்லாததால் பிழை. சரி, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையைப் புதிதாகக் கேட்டால் போதுமா? பிழை போய்விடும். ஆனால் 4-ஐ நீக்கியதும் 5-இல் இருந்தது 4-க்கு நகர்ந்துவிடும், லூப் 5-க்குத் தாவிவிடும், நகர்ந்து வந்ததை யாரும் பார்க்கவே மாட்டார்கள். என்னைக் கேட்டால் சத்தமில்லாமல் நடக்கும் இந்தத் தவறுதான் பிழைச் செய்தியைவிட ஆபத்தானது.

கடைசியிலிருந்து தொடங்குங்கள்: எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அங்கிருந்து 0 வரை. அப்போது நீக்கினாலும் இடம் மாறுவது ஏற்கெனவே பார்த்து முடித்த வரிசைகள் மட்டுமே.